கீழ்வரிசை எட்டு

"என்ன இருக்கு, சொல்லும்."

"ஒண்டும் இல்லையப்பா. வழுவழுவெண்டு கிடக்கு."

"ஒண்டும் இல்லாமல் எப்பிடி? தட்டுகள் எங்கை?"

"தட்டும் இல்லை, குமிழும் இல்லை. ரெண்டு வரிசையிலை சின்னச் சின்னப் பெட்டியாக் கீறிக் கிடக்கு. ஒவ்வொண்டுக்கும் மேலை குண்டூசித் தலையளவிலை ஒரு சிவப்பு லைற்."

"லைற் ஆருக்கு?"

புருசன் தில்லைநாதன் அப்படிக் கேட்டதும் பத்மாசினி பெட்டிகளை எண்ணத் தொடங்கினாள். சிங்கப்பூரிலிருந்து வந்த அந்தக் கறுப்புக் கீபோர்ட்டை மானிப்பாய் வீட்டு விறாந்தையில் வைத்துப் பிரித்த நாளில் நடந்த கதை அது. ஐந்து மாதம் கழிந்த பின்பும், மேடையில் அந்த விளக்குகள் எரியத் தொடங்கும்போதெல்லாம் அவளுக்கு அது நினைவுக்கு வரும்.

தில்லைநாதனுக்கு நாலு வயதில் வந்த காய்ச்சலோடு பார்வை போய்விட்டது. ஆர்மோனியத்தில் தொடங்கி, சோமசேகரத்தின் இசைக்குழுவில் ஒன்பது வருடமாக ஓர்கன் வாசித்தான். பழைய ஓர்கன் ஒரு அலுமாரி மாதிரி. லொறியில் ஏற்ற மூன்று பேர் வேண்டும். ஆனால் அதன் தட்டுகள் ஒவ்வொன்றும் நாக்குப் போல வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மேலே தள்ளியிருந்தால் ஒரு வாத்தியத்தின் குரல், கீழே தள்ளியிருந்தால் இன்னொன்று. மூன்றாவது தட்டின் முனை உடைந்தது, ஆறாவது கொஞ்சம் இறுக்கம். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே இடது கையை அரை நொடி தூக்கி வேண்டியதைத் தள்ளிவிட்டுத் திரும்பிவிடுவான். அவனுக்குப் பார்வை இல்லை என்பதைப் பாட்டு முடிந்து எழும்பும்போதுதான் சனம் கவனிக்கும்.

புதியதில் எல்லாப் பெட்டிகளும் ஒரே பிளாஸ்ரிக் தோலின் கீழ் ஒரே மட்டமாக இருந்தன. விரல் தேடிப் போகும்போதே ஏதோ ஒன்று அழுந்திவிடும். முதல் ஒத்திகையில் ஒரு தாலாட்டுப் பாட்டின் நடுவில் எக்காளம் போல ஏதோ பிளிற, டிரம்ஸ்காரன் முத்துக்குமாரு தடியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். தில்லைநாதனும் சிரித்தான். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவன் கீபோர்ட்டோடு அறைக்குள்ளேயே கிடந்தான்.

சோமசேகரத்துக்கு அந்த வாத்தியத்தை விட மனமில்லை. அதன் பளபளப்பும் வெள்ளிக்கோடும் விளக்கும் அவரை மயக்கியிருந்தன. மற்ற இசைக்குழுக்கள் எதிலும் இல்லாத சாமான். சபைக்கு விளக்குகள் தெரியவேண்டும் என்று அதை மேடையின் குறுக்கே பக்கவாட்டில் வைக்கச் சொன்னவரும் அவர்தான். பத்மாசினி பக்கத்தில் இருந்து பெட்டிகளை அமத்திவிடட்டும் என்ற யோசனையும் அவருடையதே. அவள் இங்கிலீஷ் எழுத்து வாசிப்பாள், எண்ணத் தெரியும், வேறென்ன வேண்டும்.

அப்படித்தான் அவள் மேடை ஏறினாள். கலியாணம் முடித்து நாலு வருடத்தில் அவன் வாசித்துக் கேட்டது வீட்டு விறாந்தையில் மட்டும்தான். இப்போது ஒரு சின்ன முக்காலியில், அவனுடைய இடது தோளோடு தோள் முட்ட. மேல்வரிசை எட்டும் தாளம், கீழ்வரிசை எட்டும் குரல். அவன் உதடு அசையாமல் "மேலை மூண்டு, கீழை ஏழு" என்பான், அவள் அமத்துவாள்.

"தில்லையண்ணை மேடையிலை மனுசிக்கு வாய்ப்பாடு சொல்லிக் குடுக்கிறார்," என்று முத்துக்குமாரு சொல்லுவான்.

"நீ படிக்காததை அவளெண்டாலும் படிக்கட்டுமன்," என்பான் தில்லைநாதன்.

இரண்டாம் மாதத்தில் சண்டிலிப்பாயில் ஒரு கலியாண வீட்டில் அவன் கீழ்வரிசை ஏழு என்றான். அவளுடைய விரல் ஒரு பெட்டி தள்ளி எட்டில் விழுந்துவிட்டது. புல்லாங்குழல் வரவேண்டிய இடத்தில் வயலின்கள் கூட்டமாக வந்தன. தில்லைநாதனின் கைகள் ஒரு கணம் தயங்கின. பிறகு அவன் வேகத்தைக் குறைத்தான். விட்டு விட்டு வாசித்துவந்த இடங்களை இழுத்து, ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிக்கொண்டு போனான். அந்தப் பாட்டை அவன் அப்படி வாசித்து அவள் கேட்டதில்லை. சாப்பாட்டுப் பந்தியில் இருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள்.

வரும் வழியில் பஸ்ஸில் அவன், "ஏழெண்டெல்லோ சொன்னனான்," என்றான்.

"ஓம். கை மாறிப்போச்சு."

அவன் ஏசவில்லை. நல்லாயிருந்தது என்றும் சொல்லவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவனிடம் ஒன்று கேட்கவேண்டும் என்று அவளுக்குள் இருந்தது. ஒரே ஒரு பாட்டுக்கு, எண் சொல்லாமல், எந்தக் குரல் என்று தன்னைத் தெரிந்தெடுக்க விடவேண்டும். சோறு போடும்போது, அவனுடைய சேட்டுக்குப் பொத்தான் தைக்கும்போது, பல தடவை நாக்கு நுனிவரை வந்தது. கேட்டால் அவன் என்ன நினைப்பான்? ஒன்பது வருடம் தானே தள்ளிய தட்டுகளை இழந்தவன். மிச்சமிருப்பது எண் சொல்வது ஒன்றுதான், அதையும் கேட்பதா? அவள் சோற்றைப் போட்டுவிட்டு உள்ளே போய்விடுவாள்.

அளவெட்டி வாசிகசாலை ஆண்டுவிழா, ஊரடங்குக்குப் பயந்து, பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்க இருந்தது. நாதஸ்வரமும் தவிலும் கேட்டு வளர்ந்த ஊர். பிழை விட்டால் கதிரையில் இருக்கிறவன் கண்டுபிடித்துவிடுவான். வயர் இழுத்துக்கொண்டிருந்த சோமசேகரம் நல்ல செய்தி சொல்கிறவர் போல அவளிடம் வந்தார்.

"தங்கச்சி, அடுத்த மாசம் தொடக்கம் உம்மைக் கரைச்சல் படுத்தமாட்டம். றேடியோ திருத்திற இன்னாசித்தம்பி ஒவ்வொரு பெட்டியிலையும் பசையாலை ஒரு குறி வைச்சுத் தாறனெண்டவன். தில்லை தடவிப் பாத்துத் தானே அமத்தலாம். என்ன தில்லை?"

"பாப்பம் அண்ணை," என்றான் தில்லைநாதன்.

அவனுடைய முகத்தில் சந்தோசமும் இல்லை, மறுப்பும் இல்லை. பத்மாசினி "ஓம் அண்ணை, நல்லதுதானே" என்றாள். பிறகு ஈரத்துணியை எடுத்துக் கீபோர்ட்டைத் துடைக்கத் தொடங்கினாள். இன்னும் ஒன்றோ இரண்டோ மேடைதான் என்று நினைத்துக்கொண்டு வழக்கத்தைவிட அதிக நேரம் துடைத்தாள். கட்டைகளுக்கு மேலே பெட்டிகள் இருந்த பலகை கொஞ்சம் முன்னுக்கு நீட்டி ஒரு விளிம்பாக நின்றது. துணியை விரலில் சுற்றி அந்த விளிம்பின் அடிப்பக்கத்தை ஓட்டியபோது ஏதோ தட்டுப்பட்டது.

துணியை எடுத்துவிட்டு வெறும் விரலால் தடவினாள். முதல் பெட்டிக்கு நேர் கீழே ஒரு கீறல். அடுத்ததற்கு இரண்டு. பிறகு மூன்று. எட்டு வரை. பிளேட்டாலோ ஊசியாலோ பொறுமையாகக் கீறியிருந்தது. குனிந்து பார்த்தாலும் கண்ணில் படாத இடம், கட்டைகளில் இருக்கிற கைக்குப் பெருவிரலை நீட்டினால் எட்டுகிற இடம். நிமிர்த்தி வெளிச்சத்தில் பார்த்தாள். கீறல்களுக்குள் ஊத்தை ஏறிக் கறுத்திருந்தது. நேற்று முந்தநாள் கீறியதல்ல.

அவள் முக்காலியில் இருந்தாள். வீட்டில் இரண்டு நாள் அறைக்குள்ளேயே கிடந்தானே, அப்போதாக இருக்கும். அப்படியென்றால் இந்த ஐந்து மாதமும் அவனுக்கு அவள் தேவைப்படவில்லை. ஏழு என்றால் எங்கே என்று அவனுக்குத் தெரியும். சண்டிலிப்பாயில் கை மாறியபோது அவனே பெருவிரலால் தேடிச் சரியாக்கியிருக்கலாம். சரியாக்காமல் அந்தப் பிழைக்குள்ளேயே போய் வாசித்தான். சோமசேகரத்திடம் சொல்லியிருந்தால் முதல் மாதமே இந்த முக்காலி காலியாகியிருக்கும். அதையும் சொல்லவில்லை.

அவளுக்குக் கோபம் வரவேண்டும் போல இருந்தது, வரவில்லை.

ஜெனரேற்றர் இரைந்தது. விளக்குகள் எரிந்தன. தில்லைநாதன் வந்து தன் கதிரையில் இருந்து, தோள் அவளுடைய தோளில் முட்டும்வரை கொஞ்சம் நகர்ந்துகொண்டான். இரண்டு பக்திப் பாட்டுகள் எண் சொல்லி, எண்ணுக்கு அமத்தி, ஒழுங்காக முடிந்தன. மூன்றாவதை அறிவித்துவிட்டுச் சோமசேகரம் மைக்கை விட்டு விலகினார். சண்டிலிப்பாயில் வாசித்த அதே பாட்டு. முத்துக்குமாரு தடியைத் தூக்கினான்.

தில்லைநாதன் தலையை அவள் பக்கம் சாய்த்தான். உதடு பிரிந்தது.

"இஞ்சருங்கோ," என்றாள் அவள். தன் குரல் மைக்கில் விழுமோ என்றுகூட யோசிக்கவில்லை. "நம்பர் சொல்லாதேங்கோ. இந்தப் பாட்டுக்கு நானே தெரிஞ்செடுக்கிறன், விடுங்கோ."

பிரிந்த உதடு மூடிக்கொண்டது. முன்வரிசையில் யாரோ செருமினார்கள். அவனுடைய இரண்டு கைகளும் மடியிலிருந்து எழும்பி, கட்டைகளுக்கு மேலே ஒரு விரல் உயரத்தில், எதையும் தொடாமல், அவளுடைய விரலுக்காகக் காத்து நின்றன.