முப்பது இன்ஜின்களுக்குக் கீழே ஒரு தட்டல்

1

இந்தக் கதையை நஸீஹாவிடமிருந்து திருடினேன். பிஸெர்த் துறைமுகத்தில் கடலடிச் சத்தங்களைக் கேட்டுப் பதிவுசெய்வது அவள் வேலை; அவள் படகை ஓட்டுவது என் வேலை. அன்று நடந்ததை எழுதாதே என்றாள். எழுதுகிறேன்.

முதல் வரி: ‘புயல் சீறியது, அலைகள் மலைபோல்...’ (பொய். அன்று மதியம் கடல் எண்ணெய்போலக் கிடந்தது.)

2

மீன்பிடிப் படகொன்று கவிழ்ந்து மூழ்கியது. உள்ளே அடைபட்ட கொஞ்சம் காற்றோடு மெக்கானிக் ஹெதி சிக்கிக்கொண்டார். அவர் இரும்பைத் தட்டுவது நஸீஹாவுக்கு ஒருமுறை கேட்டது. அதற்குள் காப்பாற்ற ஊரிலிருந்து முப்பது படகுகள் வந்துவிட்டன. அந்த இரைச்சலில் தட்டல் தொலைந்தது. (கற்பனையாக இருந்தால் மிகை என்று நானே அடித்திருப்பேன்.)

இன்ஜினை நிறுத்துங்கள் என்று நஸீஹா சொன்னதும் எல்லோரும் நிறுத்தினார்கள், ஹெதியின் தம்பி மொன்ஜியைத் தவிர.

“அண்ணன் கீழ கிடக்கான். நான் கையக் கட்டிக்கிட்டு நிக்கணுமாக்கா?”

“உங்கண்ணன் பேசிட்டிருக்காரு மொன்ஜி. நீதான் குறுக்க பேசுற.”

கடைசி இன்ஜினும் நின்றது.

3

மூன்று தட்டல். இடைவெளி. மறுபடி மூன்று. இருபது வருடமாகக் கடலில் இருக்கிறேன். அத்தனை தண்ணீரையும் தாண்டி ஒரு ஸ்பானரின் சத்தம் ஒரு மனிதராக வந்து... (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்குத் தெரியவில்லை.)

*ஒரு குறிப்பு: நாங்கள் நீரில் விட்டிருந்தது, ஒலிவாங்கிகள் கோத்த நீளமான கம்பி. சத்தம் எவ்வளவு தள்ளி, எந்தச் சாய்வில் என்று அது சொல்லும். கம்பிக்கு இடப்பக்கமா வலப்பக்கமா என்று சொல்லாது. திரையில் இரண்டு புள்ளிகள். ஒன்று ஹெதி, மற்றது வெறும் நிழல். இருந்ததோ ஒரே முக்குளிப்பவர், ஒருமுறை இறங்க மட்டும் காற்று.*

கம்பியைத் திருப்பினால் நிழல் இடம் மாறிவிடும், ஹெதி அங்கேயே இருப்பார். ஆனால் திருப்புவதற்கு இன்ஜினைப் போட்டால் அந்நேரத்தில் அவர் தட்டுவது கேட்காது. தட்டலோ தேய்ந்துகொண்டே வந்தது.

4

மொன்ஜிதான் முதலில் துடுப்பை எடுத்தான். துடுப்பிருந்த படகுகளெல்லாம் எங்கள் படகிலும் கம்பியின் முனையிலும் கயிறு கட்டி இழுத்தன. ஓர் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு துடுப்புப் போடுவதை அதற்குமுன் நான் பார்த்ததில்லை.

முடிவு அ: இடப்பக்கம். ஹெதி மேலே வந்து சிகரெட் கேட்கிறார்.

முடிவு ஆ: வலப்பக்கம். மொன்ஜி... (அடித்துவிட்டேன்.)

நஸீஹா கையை உயர்த்தினாள். கம்பி திரும்பிவிட்டது. இனி ஒரே ஒரு தட்டல் போதும்.

5

எழுதாதே என்று ஏன் சொன்னாள் என்பது இப்போது புரிகிறது. இவ்வளவு நேரமும் இரைந்துகொண்டிருந்தது நான்தான். நிறுத்திவிடுகிறேன்.

நீங்கள் கேளுங்கள்.