மின்னழுத்தம் ஏறும் முன் சிப் சொன்ன பதில்

1.

இந்தக் கதை என் வீட்டு மீட்டரில் பிறந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது? போன செவ்வாய்க்கிழமை, அலுவலகக் கருவியை வைத்து என் மீட்டரின் பதிவைப் படித்தேன். 'காந்தம் வைக்கப்பட்டது, காலை 11.02' என்று இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் வீட்டில் காந்தமே கிடையாது. அந்த நேரத்தில் வீடு பூட்டிக் கிடந்தது.

நான் மீட்டர் பரிசோதகன். எங்கள் ஆற்றோர ஊருக்கு மின்சாரம் தருகிற சின்னத் தனியார் நிலையத்தில் வேலை. காந்தம் வைத்து மீட்டரை ஏமாற்றுகிறவர்களைப் பிடித்து, படிவத்தில் 'திருட்டு' என்று எழுதி, கையெழுத்து வாங்குவது என் தொழில். அப்படிப் பதினொரு பேரை எழுதியிருக்கிறேன்.

2.

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்: 'லுவாபுலா நதியின் மேல் இளங்காலைப் பனி படர்ந்திருந்த அந்த—'

சீ! ஒரு பெண்ணின் மானம் போயிருக்கிறது, எனக்குப் பனி கேட்கிறதா?

இரண்டாவது தொடக்கம்: 'மீட்டருக்குள் அரிசிமணி அளவில் ஒரு சிப் இருக்கிறது. பக்கத்தில் காந்தம் வந்தால் அது சொல்லிவிடும்.' இது பரவாயில்லை. (பயிற்சியில் இதைத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். இதோடு நிறுத்திக்கொண்டார்கள்.)

செவ்வாய்க்கிழமையே அந்தச் சிப்பைச் செய்தவர்களின் கையேட்டைத் தேடிப்பிடித்தேன். ஏழாம் பக்கத்தில், சின்ன எழுத்தில் இருந்தது: போதிய மின்னழுத்தம் வந்து சேரும்வரை சிப் தரும் பதிலுக்குப் பொருள் இல்லை. காந்தம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது எதையும் சொல்லலாம். அடப்பாவிகளா! இதை ஏழாம் பக்கத்திலா வைப்பது?

எங்கள் ஊரில் காலை பதினொரு மணிக்குத்தான் மின்சாரம் வரும். வீட்டுக்கு வீடு களிப் பானையை மின்னடுப்பில் ஏற்றி, சுவிட்சையும் போட்டுவைத்துக் காத்திருப்பார்கள். வந்ததும் ஊரே சேர்ந்து இழுக்கும். கம்பி முடிகிற கோடி வீடுகளில் (என் வீடும் அதில் ஒன்று) பல்பு சிவப்பாய் மினுங்கும். அந்த அரைகுறை மின்சாரத்தில்தான் சிப் கண் விழிக்கிறது. மீட்டர் அவசரப்பட்டு 'காந்தமா?' என்று கேட்கிறது. அது தூக்கக் கலக்கத்தில் 'ஆமாம்' என்கிறது.

புதன்கிழமை பதினொரு மணிக்கு என் மீட்டர் முன்னால் வெறுங்கையோடு நின்றேன். பல்பு மினுங்கியது. என் கண்ணெதிரே மீட்டர் என்னைத் திருடன் என்று பதிந்தது. நான் எழுதிய பதினொரு பேரும் கோடி வீட்டுக்காரர்கள்.

3.

இனி பனா கங்வா. கங்வாவின் அம்மா என்று பொருள்; எங்கள் பக்கம் பிள்ளை பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவோம். கருவாடு விற்கிறவர். சந்தைப் பெண்கள் நம்பிக்கையான ஆள் என்று பொதுக் கிடங்கின் சாவியை அவரிடம் கொடுத்திருந்தார்கள். அவர் மீன் குலம், நான் முதலைக் குலம். இரண்டு குலத்துக்கும் கேலி உறவு. எங்கே கண்டாலும் திருடன், திருடி என்று வைதுகொள்ளலாம், சாவு வீட்டில்கூட. கோபித்துக்கொள்கிறவர்தான் முட்டாள்.

சிப்பைப் பற்றி எதுவும் தெரியாத அந்த நாளில், படிவத்தோடு அவர் கடைக்குப் போனேன்.

"என்ன மதினி, கரண்டு திருடுறீங்களாமே?"

"ஆமா முதலை! கரண்டு மட்டுமா? உன் குலத்துப் பல்லையெல்லாம் புடுங்கி மூட்டை கட்டி வச்சிருக்கேன், வேணுமா?"

"அப்ப ஒத்துக்கிறீங்க?"

"ஒத்துக்கிறேன் சாமி! எங்க கையெழுத்துப் போடணும்? காட்டித் தொலை."

விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே போட்டார். நான் 'குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று எழுதினேன்.

(இந்த இடத்தில் 'அது கேலி என்று எனக்குத் தெரியாது' என்று எழுதி, அடித்துவிட்டேன். தெரியும். பசி, வெயில், பதினோராவது படிவம். வேலை முடிந்தது என்று வந்துவிட்டேன்.)

மறுநாள் இணைப்பைத் துண்டித்தார்கள். அதற்கடுத்த நாள் சந்தையில் சாவியைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

4.

முடிவு ஒன்று: நிலையம் மன்னிப்புக் கேட்கிறது. நடக்காது. நேற்று மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தம்மா கையெழுத்து இருக்குல்ல? வேலை வேணும்னா வாயை மூடிட்டுப் போ" என்றார்.

முடிவு இரண்டு: அவரே சிரித்துக்கொண்டு என்னை மன்னித்து— கை கூசுகிறது.

முடிவு மூன்று: இதுவரை எழுதியதை அவரிடமே படித்துக் காட்டுவது. இன்று காலை போய்ப் படித்தேன். கருவாட்டைப் புரட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

"யாருங்க அந்தக் கங்வா? எனக்கு அப்படி ஒரு பிள்ளையே இல்லையே."

அவர் என்னிடம் 'ங்க' போட்டுப் பேசியது இதுதான் முதல் தடவை.

"நீங்கதான் மதினி. பேரை மாத்தியிருக்கேன். உங்க மானம்—"

"படிவத்துல யார் பேரை எழுதினீங்க?"

"உங்க பேரைத்தான்."

"திருடின்னு எழுதும்போது என் பேரு. திருடலைன்னு எழுதும்போது மட்டும் எவளோ ஒருத்தி பேரா?"

காகிதங்களைச் சுருட்டிக்கொண்டு வந்தேன்.

5.

வருகிற சனிக்கிழமை சந்தைப் பெண்களின் கூட்டம். எழுந்து பேசினால் என் வேலை போய்விடும். பேசினேனா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இன்னும் தெரியாது, பயமாக இருக்கிறது. ஆனால் மேலே பனா கங்வா என்று வருகிற இடத்தையெல்லாம் அடித்துவிடுங்கள்.

அவர் பெயர் பிரிஸ்கா மும்பா. அவர் திருடவில்லை. திருடினார் என்று எழுதியவன் பெயர் எவரிஸ்டோ கசோமா.