மூன்று வரி மறுப்பு

1

இந்தக் கதை என்னுடையது இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரு சினிமா வார இதழில் பதினோரு வருடம் மெய்ப்புப் பார்த்தேன். அதாவது, பிறர் எழுதியதில் எழுத்துப்பிழை பொறுக்கினேன். உண்மைப் பிழை என் இலாகா இல்லை. பக்கத்து மேசைக்காரருக்கு நடந்ததைக் கேட்டு, அப்படியே சுட்டிருக்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அது குற்றமில்லை, வேலை.

தொடக்கம் மட்டும் அமைய மாட்டேன் என்கிறது.

'திரையுலகமே அதிர்ந்தது!' (அதிரவில்லை. கைப்பழக்கம், விடாது.)

'மழை பெய்துகொண்டிருந்தது. அவர் மனைவியின் கண்களில் ஒரு' (மழையும் இல்லை. கண்களில் ஒரு என்ன என்று எனக்கே தெரியாது.)

அலுத்துவிட்டது. நேராகவே சொல்கிறேன்.

2

அந்தப் பக்கத்து மேசைக்காரரை எல்லோரும் வட்டாரம் என்று கூப்பிடுவார்கள். 'நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன' என்று வாரத்துக்கு ஆறு தடவையாவது எழுதுவார், அதனால் வந்த பெயர். கிசுகிசுப் பக்கம் அவருடையது. அந்தப் பக்கத்தில் யார் பெயரையும் போடக் கூடாது, ஆனால் யாரென்று வாசகருக்குத் தெரியாமலும் போகக் கூடாது. புன்னகை நடிகை, உயர்ந்த நாயகன், மாஜி ஜோடி. வாக்கியம் 'ஆம்' போட்டு முடிய வேண்டும்: அழுதாராம், பிரிந்தாராம். அந்த 'ஆம்' இருக்கிறதே, நாளைக்கு யாராவது சண்டைக்கு வந்தால் அதன் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்.

வாசகர்களைப் பற்றி வட்டாரத்துக்கு ஒரு கணக்கு இருந்தது. நம் இதழை ஆசைப்பட்டுப் படிப்பவர்கள் குறைவு, காத்திருக்கும்போது படிப்பவர்கள்தான் அதிகம் என்பார். முடிவெட்டும் கடை, பல் மருத்துவமனை, வண்டி பழுதுபார்க்கும் இடம். உள்ளே கூப்பிடும் வரைக்கும் படிப்பார்கள், கூப்பிட்டதும் போட்டுவிட்டுப் போவார்கள். அதனால் எந்தச் செய்திக்கும் முடிவு இருக்கக் கூடாது என்பது அவர் கட்சி.

(அந்தப் புத்திதான் எனக்கும் ஒட்டிக்கொண்டது. போகப் போகத் தெரியும்.)

3

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வட்டாரத்தின் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை. ஏதோ கேட்டார், வட்டாரம் 'ம்' என்றார். இன்னொன்று கேட்டார், அதற்கும் 'ம்'. கையிலிருந்த சட்டையை வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"நான் இந்த வீட்ல இல்லாமப் போனா உங்களுக்குத் தெரியவே ரெண்டு நாளாகும்."

சண்டை போடும் குரல் இல்லை. நாளைக்குத் தண்ணீர் வராது என்பதைப் போலச் சொன்னார். வட்டாரத்துக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே சுருக்கென்றது என்று என்னிடம் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார், நானும் நம்புகிறேன். ஆனால் அடுத்த நொடி கை தானாகப் பேனாவைத் தேடியது. நல்ல வரி. கிடைத்த தாளின் பின்பக்கத்தில் அதைக் குறித்துக்கொண்டார்.

புதன்கிழமை பக்கம் முடிக்கிற நேரம், நான்கு வரி குறைந்தது. ஒரு விழாவில் புன்னகை நடிகையும் கணவரும் இரண்டடி தள்ளி நின்ற படம் கையில் இருந்தது. தாளை எடுத்தார்.

"'நான் இந்த வீட்டில் இல்லாமல் போனால் அவருக்குத் தெரியவே இரண்டு நாளாகும்' என்று தோழியிடம் கண்ணீர் விட்டாராம் நடிகை! நெருங்கிய வட்டாரங்கள் தெரிவிக்கின்றன."

(கண்ணீர் இதழின் உபயம். துணி மடிக்கும்போது அவர் அழவில்லை.)

4

வெள்ளிக்கிழமை காலை மருத்துவமனையில் கன்னம் வீங்கிய ஒரு பெண்மணி, அந்தப் பக்கத்தைப் பக்கத்திலிருந்தவருக்கு வாசித்துக் காட்டினார். வாயைச் சரியாகத் திறக்க முடியாவிட்டாலும் விடவில்லை. தான் சொன்ன வாக்கியம் அடுத்தவர் வாயிலிருந்து வருவதை வரவேற்பு மேசையிலிருந்து மனைவி கேட்டார். பிறகு அவர் கேட்டதுதான் எனக்கு ஆச்சரியம்.

"அவங்க என்ன பண்ணணும்னு நினைக்கிறீங்க?"

கன்னத்தைப் பிடித்தபடி அந்தப் பெண்மணி யோசித்தாராம். "மொதல்ல யாராவது அவகிட்ட சாப்டியான்னு கேக்கணும்" என்றாராம்.

(இந்த இடத்தில் பாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. நேராக வீட்டுக்குப் போய் நாலு வாங்கு வாங்கியிருக்க வேண்டாமா? வாங்கவில்லை. நடந்ததை மாற்ற எனக்குத் தெம்பு இல்லை.)

அடுத்த வாரம் கடிதங்கள் வந்து குவிந்தன, அறுபதுக்கு மேல். எல்லாம் புன்னகை நடிகைக்கு. தரம் பிரிக்க வட்டாரம் அவற்றை வீட்டுக்குக் கொண்டுபோனார். மனைவி தானாகவே ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தார். விட்டுவிடு என்று சிலர், பொறுத்துக்கொள் என்று சிலர். ஒருவர் இப்படி எழுதியிருந்தார்: 'தங்கச்சி, ரெண்டு நாள்னா நீ குடுத்து வச்சவ. என் வீட்ல ஒரு வாரம் ஆகும்.' அதைப் படித்து மனைவி சத்தம் போட்டுச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து எத்தனை நாளாயிற்று என்று வட்டாரம் யோசித்தார். நினைவு வரவில்லை, வெட்கமாக இருந்தது.

5

நடிகையின் வக்கீல் ஆசிரியரைக் கூப்பிட்டார். ஆசிரியர் வட்டாரத்தைக் கூப்பிட்டார். மூன்று வரி மறுப்பு போட வேண்டும், இந்த வாரமே. வட்டாரம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எழுதினார்:

'சென்ற இதழில் புன்னகை நடிகை பற்றி வெளியான செய்தியில் உண்மை இல்லை. அதிலுள்ள வார்த்தைகளை யாரும் சொல்லவில்லை. வருந்துகிறோம்.'

மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்தார்.

"யாரும் சொல்லலையா?"

ஆபீசில் கேட்கிறார்கள், சும்மா ஒரு சம்பிரதாயம் என்றார் வட்டாரம்.

"அவங்க சொல்லலன்னு போடுங்க. நியாயம். யாரும் சொல்லலன்னு எப்படிப் போடுவீங்க? நான் சொன்னேன். உங்ககிட்டதான் சொன்னேன்."

வட்டாரத்தின் வாயில் 'ம்' வந்து நின்றது. அதை விழுங்கிவிட்டு, மாற்றிப் பார்க்கிறேன் என்றார்.

6

மாற்றினாரா? முடிவுகள் சில கைவசம் இருக்கின்றன.

அ) மாற்றினார். ஆசிரியர் கத்தினார். வட்டாரம் வேலையை உதறிவிட்டு வீட்டுக்கு ஓடினார். (அவர் ஓடி நான் பார்த்ததில்லை.)

ஆ) மனைவி வீட்டை விட்டுப் போனார். வட்டாரத்துக்கு அது தெரிய சரியாக இரண்டு நாள் ஆனது. (கைதட்டல் வாங்கும். அதனாலேயே வேண்டாம்.)

இ) இருவரும் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்து, முதல் முறையாக அவர்

(போதும்.)

நடந்தது இதுதான். அவர் மாற்றி எழுதிக் கொண்டுவந்தார். வக்கீல் கேட்டது 'யாரும்' தான் என்று சொல்லி ஆசிரியர் பழையதையே வைத்தார். வட்டாரம் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. மெய்ப்பு என்னிடம் வந்தது. எல்லாம் தெரிந்தும், எழுத்துப்பிழை இல்லை என்று கையெழுத்துப் போட்டேன். வெள்ளிக்கிழமை காலை இதழ் மருத்துவமனை மேசைக்குப் போய்ச் சேர்ந்தது.

7

ஒரு வருடம் கழித்து, நான் அந்த வேலையை விட்ட பிறகு, இந்தக் கதையின் கைப்பிரதியை எடுத்துக்கொண்டு அந்த மருத்துவமனைக்குப் போனேன். பல்லுக்கு ஒன்றுமில்லை. வட்டாரத்தின் மனைவி வரவேற்பு மேசையிலேயே வைத்து, இடையில் இரண்டு பேருக்கு டோக்கன் கொடுத்துக்கொண்டே, முழுக்கப் படித்தார். ஓரிடத்தில் அவர் அழுததாக எழுதியிருந்தேன். பேனா வாங்கி அதை அடித்தார்.

உங்கள் பெயர் போடவில்லை, அந்த 'இரண்டு நாள்' வரியையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன்.

"வரி இருக்கட்டும். சொன்னது நான்தானே. வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் நான் என்ன பண்ணேன்னு மட்டும் எழுதாதீங்க. அது என்னோடது."

எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிய வேண்டும் என்று இருக்கும். உள்ளே கூப்பிடும் வரைக்கும் நீங்களே ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள், நான் சரி பார்க்கப் போவதில்லை. எனக்கு எழுத உரிமை இருப்பது இது ஒன்றுதான், இதை எழுதத்தான் இத்தனை பக்கம் ஆயிற்று:

திருத்தம். சென்ற ஆண்டு ஒரு வார இதழில், நான் மெய்ப்புப் பார்த்த பக்கத்தில், 'யாரும் சொல்லவில்லை' என்று வெளியானது தவறு. ஒருவர் சொன்னார். வருந்துகிறேன்.