கறுப்புக் கோலி

சவப்பெட்டியில் கிடந்த அப்பாவின் இடுப்பில் சங்கத்து அடையாளமான வெள்ளைத் தோல் ஏப்ரனைக் கட்டக் குனிந்த வெண்டெலின் கையை ரோன்டா தட்டிவிட்டாள்.

"தொடாதீங்க. இருபது வருஷமா என் வீட்டுக்காரரை வாசல்லயே நிறுத்தின கூட்டம் நீங்க."

வெண்டெல் அந்த நெப்ராஸ்கா ஊரின் ஃப்ரீமேசன் என்ற ரகசிய சகோதர சங்கத்தின் செயலாளர். இரும்புக்கடை மாடியில் சங்கம். ஜன்னலில் எந்நேரமும் திரை, கதவுக்கு வெளியே ஒருத்தன் காவல். கூட்டுக் களவாணிகள் என்றுதான் அவளுக்குத் தோன்றும். புதிதாய்ச் சேர வருகிறவனுக்கு ஓட்டுப்பெட்டிக்குள் எல்லோரும் வெள்ளைக் கோலி போட வேண்டும். கறுப்பு ஒன்று விழுந்தாலும் ஆள் அவ்வளவுதான். போட்டது யாரென்று செத்தாலும் சொல்ல மாட்டார்கள். அப்பா ஹார்லன் அங்கே தலைவர் நாற்காலியில் இருந்தவர். அவள் புருஷன் டுவெய்ன் மட்டும் வெளியே. "உங்கப்பாவுக்கு நான் லாயக்கில்லை" என்று ஒரு தடவை சொன்னான். அது போதாதா? அப்புறம் கிறிஸ்துமஸுக்குக்கூட அவள் அப்பா வீட்டை மிதிக்கவில்லை.

"கறுப்பைப் போட்டது அப்பாதானே? இனி மறைச்சு என்ன ஆகப்போகுது?"

"யாரும் போடலம்மா. டுவெய்ன் மனுவே குடுக்கலையே."

"பொய்."

"பதிவேட்டைக் கொண்டாந்து காட்டட்டா? நாங்களா யாரையும் வான்னு கூப்பிடக் கூடாது. அவங்களா வந்து கேக்கணும். 'மாப்பிள்ளை கேக்க மாட்டேங்கிறானே'ன்னு ஹார்லன் புலம்பாத நாளில்ல. உன்கிட்டச் சொன்னா அதுவும் கூப்பிட்ட மாதிரின்னு வாயைக் கட்டிக்கிட்டான்."

ரோன்டா நம்பாமல் டுவெய்னைத் திரும்பிப் பார்த்தாள். அவன் தொப்பியைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தான்.

"அவரு கூப்பிடுவாருன்னு இருந்தேன். மாமனார்கிட்ட நானாப் போய் எப்படிக் கேக்கறது?"

அவளுக்கு யார்மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை. ஏப்ரனை வாங்கி அவளே கட்டிவிட்டாள். முடிச்சு சரியாக விழவில்லை.

கல்லறையில் சங்கத்துக்காரர்கள் ஒவ்வொருவராய் வந்து பெட்டியின்மேல் பச்சைக் கிளை வைத்தார்கள். சங்கத்தில் இப்போது ஏழு பேர்தான் மிச்சம். எல்லோரும் வைத்து முடித்த பிறகும் வெண்டெல் கையில் ஒரு கிளை இருந்தது. அவர் அதை நீட்டவில்லை, யாரையும் பார்க்கவுமில்லை. சும்மா பிடித்துக்கொண்டு நின்றார்.

டுவெய்ன் வேலியோரம் கைகளைப் பைக்குள் விட்டபடி, யாராவது கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டிருந்தான்.