பிள்ளைகள் பார்த்துக்கொள்கிறார்கள்

பென்னிக்கு வேல்ஸ் நாட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை. போதாக்குறைக்கு வெல்ஷ் மொழி வகுப்பு வேறு. சித்தூர் வீட்டில், பெற்ற நைனாவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டே, வீடியோவில் அண்ணன் நடத்திய பாடத்தைக் கேட்டாள் கேசியா. அவனுக்கு முகமெல்லாம் பல்.

"இங்க 'ப்ளாண்ட்'னா புள்ளைங்க. ஒத்தப் புள்ளன்னு சொல்லத்தான் வாலு ஒட்டணும், 'ப்ளெண்டின்'னு. நம்மளுதுக்குத் தலைகீழு! இன்னொண்ணு, எத்தினி புள்ளைங்க வந்தாலும் வெர்ப் ஒருமைலதான் நிக்கும். 'புள்ளைங்க வந்தான்'னுதான் சொல்லணும்."

"நம்ம வூட்லயும் அப்டித்தான். பேருக்குப் புள்ளைங்க, செய்றது ஒருத்தி. நீ எப்போ வர்றண்ணா?"

பல் மறைந்தது. "வெல்ஷ் பரீட்சை இருக்குதும்மா. ஈஸ்டருக்கு முடியாது."

கேசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கவாதம் வந்த நைனாவைத் திருப்பதி ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்த அன்றே, ஈஸ்டரிலிருந்து நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சத்தியம் செய்தவன் இவன். அதை நம்பித்தான், வேலைக்குக் கூப்பிட்ட ரேணிகுண்டா கம்பெனிக்காரர்களை அதுவரை பொறுக்கச் சொல்லியிருந்தாள். அந்த வேலை இனி அவளுக்கில்லை.

"சபைல சாட்சி சொல்றப்போ ரெண்டு பேர் பேரயும் சேத்துச் சொல்லு. நானும் போன்ல பாத்துக்கினு இருப்பேன்" என்றான். என்ன நெஞ்சழுத்தம்!

நோயிலிருந்து ஒருவர் பிழைத்தால் வீட்டார் சபையில் எழுந்து சாட்சி சொல்வது அவர்கள் வழக்கம். ஈஸ்டர் ஞாயிறன்று நைனாவைச் சக்கர நாற்காலியில் வைத்து ஆலயத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். அவர் மடியிலிருந்த போனில் பென்னி, தூக்கம் கலையாத முகமும் கோட்டுமாக உட்கார்ந்திருந்தான்.

போதகர் முந்திக்கொண்டார். "தியோடர் ஐயாவ அவர் பிள்ளைங்க கண்ணும் கருத்துமா பாத்துக்கறாங்க. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!"

சபை அல்லேலூயா சொன்னது. கேசியா எழுந்தாள்.

"நான் ஒருத்திதான்யா பாத்துக்கறேன். வாய்ல ஊட்றதும் நான், பீ அள்றதும் நான். அண்ணன் வரேன்னு சத்தியம் பண்ணிட்டு வரல. கர்த்தர் வூட்ல நின்னுக்கினு பொய்ச்சாட்சி சொல்லமாட்டேன்."

இந்தமுறை யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போனில் பென்னியின் முகம் அணைந்தது.

ஆட்டோவில் வரும்போது நைனாவின் கோணிய வாயிலிருந்து எச்சில் வழிந்தது. துண்டோடு நீண்ட அவள் கையை, அசைகிற ஒற்றைக் கையால் தட்டிவிட்டார்.

"எனக்குன்னு இருக்கறது ஒரே புள்ள," என்று குழறினார். "அவன இப்டி சபைல மானம் கெடுத்திட்டியேடி."

வீடு வந்ததும் கேசியா இறங்கி, அவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கினாள்.