மாரியிலும் ஏறும்

“வண்டி அந்த வாய்க்கால் கட்டிலை ஏறாது அக்கா,” என்று அமரர் ஊர்திச் சாரதி வந்து சொன்னபோது, ஞானேஸ்வரி புருசனின் வாயில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது. இதே சொல்லை, இதே கட்டைப் பற்றி, இதே மனுசனிடம் எத்தனை வருசமாகச் சொல்லியிருப்பாள்! ஒருநாளும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தறியாத ஐயாத்துரை, இன்றைக்குப் பெட்டிக்குள் பட்டுவேட்டியும் சால்வையுமாக மகா சாதுவாய்க் கிடந்தார்.

“இப்பதான் போய்ப் பாத்திட்டு வாறன். ராத்திரி மழைக்குக் கிறவல் கல்லெல்லாம் கழுவுண்டு போச்சு. பாதியிலை வழுக்கினால் பெட்டியோட வாய்க்காலுக்கைதான்,” என்றான் சாரதி.

தர்மபுரத்தின் அந்த மூலையிலிருந்து சுடலைக்குப் போக வேறு பாதை கிடையாது. வாய்க்கால் கட்டிலே சுவரில் ஏறுகிற மாதிரி ஏறி, அங்கால் பக்கம் இறங்க வேண்டும். கட்டுக்கு அங்கால்தான் ஐயாத்துரையின் வயலும் இருந்தது. அந்த வீட்டில் நடந்த சண்டை முழுவதும் அந்தக் கட்டிலிருந்து பிறந்ததுதான்.

ஞானேஸ்வரியின் தம்பி கதிர்காமநாதன் முன்னுக்கு வந்தான்.

“யோசியாதை அக்கா. பக்கத்து வளவு ட்ரக்டர் சும்மாதான் நிக்குது. நான் போய்க் கொண்டுவாறன்.”

ட்ரக்டர் என்ற சொல் கேட்டதும் பந்தலுக்குள் இரண்டொரு பேர் லேஞ்சியால் வாயைப் பொத்தினார்கள். பொத்தாமல் என்ன செய்வது? ஊருக்கே தெரிந்த கதை அது.

ஒரு வருசம் நெல்லுச் சூடு மிதித்து முடிந்தபிறகு, கூலிக்குப் பேசிய ட்ரக்டர் சொன்ன நாளில் வரவில்லை. நெல் மூட்டைகள் களத்திலேயே பனியில் நனைந்தன. ஐயாத்துரை வந்த கோபத்தில் தன் பழைய பிக்கப்பை எடுத்துக்கொண்டு நேரே மெக்கானிக் வீரையாவிடம் போனார். திரும்பி வரும்போது வெறும் ஆளாக வரவில்லை, ஒரு யோசனையோடு வந்தார். பிக்கப்பின் பின்னச்சுக் கியரை மாற்றப் போகிறாராம். சில்லு ஒருதரம் சுற்றுவதற்கு எஞ்சின் முன்னையைவிடக் கூடத் தரம் சுற்றுமாம். ஓட்டம் குறையும், ஆனால் இழுவை கூடும், மூட்டைகளோடு கட்டிலே ஏறும்.

“வருசத்திலை ரெண்டுதரம் நெல்லு ஏத்துறதுக்காக, மிச்ச நாளெல்லாம் ஆமை மாதிரி ஊரப் போறியளோ?” என்று கேட்டாள் ஞானேஸ்வரி.

“ரோட்டிலை ஓட ஆயிரம் வாகனம் கிடக்கடியப்பா. இந்தக் கட்டிலை ஏற ஒண்டு காட்டு பாப்பம்.”

மாற்றியே விட்டார். அதன் பிறகு பின்னச்சு ஒரு விதமாய் ஊளையிடத் தொடங்கியது. ஒழுங்கை முனையில் திரும்பும்போதே நாய்களெல்லாம் பதில் சொல்லும். அதைவிடப் பெரிய கூத்து, வேகம் காட்டுகிற முள். எஞ்சின் பக்கத்துச் சுற்றைப் பார்த்துக் கணக்குச் சொல்கிற முள் அது. சில்லு மெல்லச் சுற்றுவது அதற்கு எங்கே தெரியப் போகிறது? சும்மா ஐம்பதில் போனால் எழுபது என்று காட்டும். ஐயாத்துரையும் அதை நம்பிவிடுவார்.

மகள் சுமித்திராவின் கலியாணம் செட்டிகுளத்தில். என்ரை பிள்ளையை நான்தான் கூட்டிக்கொண்டு போவன் என்று மனுசன் ஒற்றைக்காலில் நின்றார். கண்டி வீதியில் முள் எண்பதைக் காட்ட, “வேகம் காணும் காணும், பொலிஸ் பிடிக்கப் போறான்” என்று தனக்குத்தானே புத்தி சொல்லிக்கொண்டு ஓடினார். அந்த நேரம் வைக்கோல் ஏற்றிய லொறி ஒன்று ஆடி அசைந்து வந்து இவர்களை முந்திக்கொண்டு போனது. செட்டிகுளத்தில் இறங்கின மணப்பெண்ணின் கொண்டையில் பூவோடு பூவாக வைக்கோலும் இருந்தது. சற்று முன்தான் சுமித்திரா அதைத் தகப்பனின் தலைமாட்டில் இருந்து சொல்லிச் சொல்லி அழுதாள். அழுகை பாதியிலே சிரிப்பாகிவிட, மற்றவர்களும் சிரித்துவிட்டார்கள். செத்தவீட்டில் சிரிக்கிறோமே என்று ஒருவரும் வெட்கப்படவில்லை. நல்லாய் வாழ்ந்து, நோய் நொடியில் கிடக்காமல், கதிரையில் இருந்தபடி போன மனுசன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கோடையில் அந்தப் பிக்கப் கட்டிலே ஏறத்தான் ஏறியது. மூட்டைகளோடு உச்சிக்கு வந்ததும் ஐயாத்துரை ஒரு நீளமும் இரண்டு குட்டையுமாகக் கோர்ண் அடிப்பார். நான் ஏறீட்டன், தேத்தண்ணிக்குக் கேத்தலை வை என்று அர்த்தம். “மாரியிலும் ஏறும்” என்பார் இறங்கி வந்து. “ஏறாது” என்பாள் அவள். “மாரியிலை அதிலை ஏத்தினியளெண்டால் நான் தம்பி வீட்டை போயிடுவன்.” அதனால் மாரியில் ஒருநாளும் ஏற்றிப் பார்க்கவில்லை. வழக்குத் தீராமலே கிடந்தது.

முந்தநாள் பின்னேரமும் அதே கதைதான். அவர் விறாந்தையில், அவள் குசினிக்குள். “இஞ்சாரப்பா, நான் மாத்தினது சரியோ பிழையோ, இண்டைக்கு ஒரு முடிவு சொல்லு” என்று தொடங்கினார். தேங்காய் துருவிக்கொண்டே அவள் டீசல் செலவிலிருந்து கொண்டைக்குள் இருந்த வைக்கோல் வரைக்கும் ஒன்றும் விடாமல் அடுக்கினாள். விறாந்தையிலிருந்து பதிலே வரவில்லை. அட, இன்றைக்கு நான் வென்றுவிட்டேன் என்று அவள் சந்தோசப்பட்டாள். தேத்தண்ணியைக் கொண்டுபோய் நீட்டியபோதுதான் தெரிந்தது.

கையில் மிஞ்சியிருந்த அரிசியை ஞானேஸ்வரி மெதுவாக அவர் வாயில் போட்டாள்.

“அவர் ட்ரக்டரிலை போகமாட்டார்,” என்றாள்.

“அப்ப வேறை எதிலை அக்கா?”

“தன்ரை பிக்கப்பிலை.”

பறை அடிக்கிறவர்கள்கூட நிறுத்திவிட்டார்கள். கதிர்காமநாதன் கிட்ட வந்து குனிந்தான்.

“விசர்க்கதை கதையாதை அக்கா. நடுவிலை நிண்டுதெண்டால் என்ன செய்யிறது? உயிரோட இருக்கேக்கை நாங்கள் பண்ணின பகிடி காணாதெண்டு, செத்த நாளிலையும் அத்தானைப் பாத்து ஊர் சிரிக்க வேணுமோ?”

அவளுக்கு அது தெரியாதா என்ன? பிக்கப் கட்டின் நடுவில் நின்றுவிட்டால் ஐயாத்துரை ஊர் பார்க்கத் தோற்றுப் போவார். பிறகு எழும்பி வந்து நியாயம் சொல்லவா போகிறார்? ஆனால் ட்ரக்டரில் ஏற்றினால், ஏறிப் பாராமலே தோற்ற மாதிரி. அதை அவளால் தாங்க முடியாது.

“மாரியிலும் ஏறுமெண்டு சொன்னவரடா. நான்தான் ஒருநாளும் ஏத்த விடேல்லை.” அவள் அவருடைய சால்வையை நேராக்கினாள். “இண்டைக்காவது ஏறிப் பாக்கட்டும்.”

மெக்கானிக் வீரையா அதுவரை ஒரு கதிரையின் விளிம்பில் இருந்தவர் எழும்பினார்.

“ஏறும் அக்கா. ஆனா வெறும் வண்டி வழுக்கும், பின்னுக்குப் பாரம் வேணும். நல்ல தடிச்ச ஆளுங்களாப் பாத்து ஏத்துங்க.”

அவ்வளவுதான். ஊரில் தொந்தி வைத்தவர்களுக்கெல்லாம் அன்றைக்குத்தான் மரியாதை வந்தது. நீ வா, நீ வா என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு ஏற்றினார்கள். வற்றல் மேனிக்காரர் ஒருவர் ஆசையோடு கால் வைக்க, “நீங்கள் நடந்து வாங்கோ அண்ணை” என்று இறக்கி விட்டார்கள். பெட்டியைச் சுற்றிப் பெரிய உடம்புகள் சம்மணம் கட்டி நிரம்பின. ஞானேஸ்வரி இடுப்பில் செருகியிருந்த பிக்கப் திறப்பைத் தம்பியின் கையில் வைத்தாள்.

“நீதான் ஓட வேணும். எல்லாரையும்விடக் கூடச் சிரிச்சவன் நீதானே.”

பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. வாசல் படலையோடு அவர்களுடைய வழி முடிந்துவிடும். பிக்கப் ஊளையிட்டுக்கொண்டு ஒழுங்கையால் போய்த் திரும்ப, வடலிப் பனைகள் மறைத்தன. அதற்குமேல் காதுதான்.

சத்தம் கட்டடிக்கு வந்தது. எஞ்சின் உறுமியது, உயர்ந்தது, உயர்ந்துகொண்டே போய்ச் சட்டென்று திணறியது. கல் சறுக்குகிற ஓசை. “விடு விடு, பின்னுக்கு விடு!” என்று ஆம்பிளைகள் கத்துவது கேட்டது. படலையில் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தவர்களும் வாயை மூடிக்கொண்டு கட்டுப் பக்கம் பார்த்தார்கள்.

“விசரன், ரெண்டாம் கியரிலை போட்டிட்டான்,” என்றாள் ஞானேஸ்வரி பல்லைக் கடித்துக்கொண்டு. “ஒண்டிலை போடடா. ஒண்டிலை போட்டு ஒரே சீராப் பிடி. அவர் அப்பிடித்தான் பிடிக்கிறவர்.”

சுமித்திரா தாயைத் திரும்பிப் பார்த்தாள். இவ்வளவும் தெரிந்துகொண்டா இத்தனை நாள் சண்டை பிடித்தாள் என்று நினைத்திருப்பாள்.

மறுபடியும் அந்த ஊளை. இந்தமுறை அவசரமில்லை. ஒரே குரலில், இறங்காமல், ஏறாமல், மாட்டை நம்பி விட்டுவிட்ட வண்டிக்காரன் மாதிரி நிதானமாய் வந்துகொண்டிருந்தது. ஞானேஸ்வரி படலைக் கம்பை இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தச் சத்தத்தை வாழ்நாள் முழுவதும் வைது தீர்த்தவள், இப்போது அது நிற்கக்கூடாது, நிற்கக்கூடாது என்று பிள்ளையாரைக் கும்பிட்டாள்.

சத்தம் நின்றது.

பிறகு கட்டின் உச்சியிலிருந்து கோர்ண் கேட்டது. ஒரு நீளம், இரண்டு குட்டை.

படலையில் நின்ற பெண்களுக்குள் யாரோ கைதட்டிவிட்டு, பிறகு கையை ஒளித்துக்கொண்டாள். “ஏறீட்டுது!” என்று சுமித்திரா கத்திக்கொண்டே திரும்பினாள். தாய் பக்கத்தில் இல்லை.

ஞானேஸ்வரி குசினிக்குள் இருந்தாள். கேத்தலில் தண்ணீர் நிரப்பி அடுப்பில் வைத்துவிட்டு, சுவர்த்தட்டில் நெருப்புப்பெட்டியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள் சுமித்திரா வாசலில் நின்று, மெதுவாக. “இண்டைக்கு அடுப்பு மூட்டக் கூடாதெல்லே.”

“ஓமெல்லே,” என்றாள் ஞானேஸ்வரி.

கேத்தலை இறக்கவில்லை. சரிந்திருந்த மூடியை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிட்டு, குளிப்பதற்குக் கிணற்றடிக்கு நடந்தாள்.