ஐந்தாவது தலை

முதல் குழந்தை பிறந்த பிறகு மேனகாவின் எடை குறையவில்லை. நூற்று எண்பத்திரண்டு கிலோ கூடியது. ஆறு வருடங்களுக்கு முன்பு, ஆவணி மாதத்து வியாழக்கிழமை காலை எட்டு மணி பத்து நிமிடத்துக்கு, சேலத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் பிரசவ அறையில் இது நடந்தது. ஆம்புலன்ஸில் வந்து இறங்கியபோது அவள் அறுபத்தொரு கிலோ. பெண் குழந்தை ஒன்று இரண்டு கிலோ நூறு கிராமில் வெளியே வந்து அழுதது. தொப்புள்கொடியை அறுத்து முடிப்பதற்குள் கட்டிலின் நான்கு கால்களும் தரையைப் பிளந்துகொண்டு ஒரு விரற்கடை ஆழம் இறங்கின. சமையல்கூடத்தில் அரிசி மூட்டை நிறுக்கும் தராசை உருட்டிக்கொண்டு வந்து, எட்டுப் பேர் கட்டிலோடு தூக்கி வைத்து, கட்டிலின் எடையைக் கழித்துப் பார்த்தார்கள். இருநூற்று நாற்பத்து மூன்று. மலையடிவாரத்துக் குப்பனூர் டீக்கடைகளில் இதை ஐந்நூறு என்றும், கட்டில் கீழ்மாடியில் போய் விழுந்தது என்றும் சொல்கிறார்கள். அது பொய். கட்டில் எங்கும் விழவில்லை.

மேனகாவின் மாமனார் ஐயாக்கண்ணு. மலைமேல் மாரமங்கலத்தில் அந்தக் குடும்பம் ஏழு தலைமுறையாக இருக்கிறது. சாமையும் காப்பியும் மிளகும் விளைகிற நிலம். ஊர்க்கூட்டத்தில் முதல் சொல் அவர்களுடையது. குப்பனூருக்கு இறங்கும் பாதையில், சரிவு தொடங்குகிற வளைவில், முழங்கால் உயரத்துக்கு ஒரு கல் நிற்கிறது. அந்த வீட்டார் யார் மலையை விட்டு இறங்கினாலும், வீட்டுப் பெரியவர் அந்தக் கல்லைத் தொட்டு, இத்தனை தலை இறங்குகிறது, இத்தனை தலை ஏறும் என்று வாய்விட்டுச் சொல்லி விடை வாங்க வேண்டும். வயிற்றில் இருப்பதும் ஒரு தலை. ஐயாக்கண்ணுவின் அப்பா ஒருமுறை அவசரத்தில் சொல்லாமல் இறங்கிவிட்டார். அவருடைய நிழல் மூன்று நாள் கல்லடியிலேயே கிடந்தது. சேலம் கோர்ட்டில் நிழல் இல்லாமலே சாட்சி சொல்லிவிட்டுத் திரும்பி வந்து, அதைக் கூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனார். அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் மறந்ததில்லை. ஐயாக்கண்ணுவும் மறக்கவில்லை. அவர் செய்தது வேறு.

மேனகாவின் பிரசவத்துக்கு இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னால், அதே ஊரில் சித்தன் வீட்டில் இரட்டைப் பிள்ளைகள் பிறந்தன. அந்த மாத ஊர்க்கூட்டத்தில் ஐயாக்கண்ணு, “மனுசப் பொம்பளைக்கு வயித்துக்கு ஒண்ணு. ரெண்டு ரெண்டாப் போடறது ஆடு” என்று உரக்கச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். சித்தன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். பிறகு அவர் வாசலை மிதிக்கவே இல்லை. ஆகவே, ஐந்தாவது மாதத்தில் மேனகா ஸ்கேன் தாளைக் கொண்டுவந்து மாமனார் கையில் கொடுத்தபோது, அவர் அதை இரண்டுமுறை பார்த்துவிட்டு நாலாக மடித்து ஓட்டு இடுக்கில் செருகினார். “ஒண்ணுன்னே இருக்கட்டும்” என்றார். அவரைக் குறை சொல்வது எளிது. ஊரில் முதல் சொல் சொல்கிறவர் தன் சொல்லைத் தானே மாற்றினால் அடுத்த சொல்லுக்கு யார் காது கொடுப்பார்கள்? வீட்டில் ஒரு தொட்டில் கட்ட ஒரு சேலை எடுத்து வைத்தார்கள். பிள்ளையைச் சுற்ற ஒரே ஒரு வெள்ளைத் துணி துவைத்து மடித்தார்கள். மாமியார் கண்ணம்மாளும் கணவன் பிரபாகரும் அவர் பேச்சைத் தாண்டவில்லை. நான்கு மாதம் அந்த வீட்டில் ‘பிள்ளை’ என்றுதான் பேச்சு. ‘பிள்ளைகள்’ என்று ஒருவரும் சொல்லவில்லை. மேனகா மட்டும் மிளகு காயப்போடும்போது வயிற்றின் வலப்பக்கம் ஒருமுறையும் இடப்பக்கம் ஒருமுறையும் தடவிக்கொள்வாள். இடப்பக்கத்துப் பிள்ளை அதிகம் அசையாது.

புதன்கிழமை பனிக்குடம் உடைந்தது. ஒன்று குறுக்கே கிடக்கிறது, சேலத்துக்குத்தான் போக வேண்டும் என்று மலைமேல் இருக்கும் சின்ன ஆஸ்பத்திரி டாக்டர்கள் சொன்னார்கள். கல்லருகே ஆம்புலன்ஸ் நின்றது. பின்னால் ஒரு பஸ்ஸும் நின்றது. பஸ்ஸில் பாதிப் பேர் மாரமங்கலத்து ஆட்கள், ஜன்னல்களில் தலை நீட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயாக்கண்ணு குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கல்லைத் தொட்டார். மகன், மனைவி, மருமகள், வயிற்றுப் பிள்ளை. “நாலு தலை எறங்குது. நாலு தலை ஏறும்.” உள்ளேயிருந்து மேனகா, “மாமா…” என்றாள். அவர் குடைக் கம்பியால் வண்டிக் கதவைத் தட்டி, “போலாம்” என்றார். வண்டி இறங்கியது. அவர் நிமிர்ந்த முதுகோடு வீட்டுக்கு நடந்தார்.

இரண்டு பிள்ளைகளும் உள்ளே இருந்தவரை ஒரு விடை இரண்டுக்கும் போதுமானதாக இருந்தது. வியாழன் காலை மூத்தது அந்த விடையை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. இளையதற்கு விடை இல்லை. மலை அதைப் பிடித்துக்கொண்டது.

டாக்டர் சுஜாதா ஆபரேஷன் தியேட்டருக்கு மாற்றச் சொன்னார். ஸ்ட்ரெச்சரின் சக்கரங்கள் நசுங்கின. சரி, இங்கேயே வயிற்றைத் திறந்துவிடலாம் என்று மரத்துப்போக ஊசி போட்டு, கத்தியை வைத்தார். கத்தி வளைந்தது. இரண்டாவது கத்தியும் வளைந்தது. தோல் வெதுவெதுப்பாகத்தான் இருந்தது. அதன் கீழே பாறை. மெஷினில் பிள்ளையின் துடிப்பு நூற்று நாற்பதிலிருந்து நூற்றுப் பதினெட்டுக்கு வந்தது.

மேனகாவுக்கு வலி தெரியவில்லை, கனம் தெரிந்தது. யாரோ தன் இடுப்பில் கயிறு கட்டி அந்தக் கல்லோடு முடிந்திருப்பதைப்போல இருந்தது. மூத்ததின் அழுகை பக்கத்து மேசையிலிருந்து கேட்டது. எட்டித் தொட முடியவில்லை. இளையது முட்டவில்லை, உதைக்கவில்லை. அழைக்காத விருந்துக்கு வந்தவர்கள் வாசலில் நிற்பதுபோல் உள்ளேயே நின்றது. அவளுக்குக் காரணம் தெரியும். ஆனால் வீட்டுப் பேச்சை வெளியே சொல்லக் கூடாது என்று வளர்ந்தவள், சொல்லக் கூடாது என்ற வீட்டுக்கே வாக்கப்பட்டவள். உதட்டைக் கடித்துக்கொண்டு கிடந்தாள்.

நர்ஸ் மரியபுஷ்பம் அதே மலையில் தலைச்சோலைக்காரர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டரின் மகள். கழுத்தில் ஜெபமாலை தொங்கக் குனிந்து மேனகாவின் நெற்றியைத் துடைத்தார்.

“ஏங்கண்ணு, எந்த ஊரு நீ?”

“மாரமங்கலமுங்க சிஸ்டர்.”

“ஐயாக்கண்ணு ஊடா? கல்லுல சொல்லிட்டுத்தான எறங்குனீங்க? எத்தனை தலைன்னாரு?”

மேனகா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மெஷின் நூற்று நான்கு என்றது.

“நாலுங்க” என்றாள் கடைசியில். “அத்தை, அவரு, நானு, புள்ள ஒண்ணு.”

மரியபுஷ்பம் நிமிர்ந்தார். “டாக்டர், கத்தியக் கீழ வைங்க. மலைல ஒண்ணுக்குத்தான் விடை வாங்கியிருக்காங்க.” டாக்டர் சுஜாதா மதுரைப் பக்கத்துக்காரர், ஆனால் சேலத்தில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவர். மூன்றாவது கத்தியைத் தட்டில் வைத்துவிட்டு, “அந்த வீட்டுக்குப் போன் போடுங்க, சீக்கிரம்” என்றார்.

பிரபாகர் போன் போட்டான். அப்பாவின் குரல் கேட்டதும் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டான். மேனகா கையை நீட்டி வாங்கினாள்.

“மாமா, நாந்தானுங்க.”

“பொறந்துச்சா சாமி?”

“ஒண்ணு பொறந்துச்சுங்க.”

“நல்லது. தாயும் புள்ளயுமா ஏறி வாங்க.”

“இன்னொண்ணு வரமாட்டேங்குதுங்க. நீங்க அதைச் சொல்லல.”

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. பிறகு தணிந்த குரலில், “பக்கத்துல ஆரு இருக்காங்க?” என்று கேட்டார்.

“எல்லாரும் இருக்காங்க. டாக்டரம்மா இருக்காங்க, சிஸ்டர் இருக்காங்க, கூட்டற அக்கா இருக்காங்க. எல்லாத்துக்கும் தெரியுமுங்க மாமா. உங்க மானத்தையும் சேத்து நாலு மாசம் நாந்தான் சொமந்தேன். இனி முடியலீங்க. இது போச்சுன்னா நானும் போயிருவேன். உங்களுக்கு எந்தத் தலை வேணும்னு கல்லுகிட்டப் போய்ச் சொல்லுங்க.”

அந்தக் குடும்பத்தில் ஒரு மருமகள் மாமனாரிடம் இப்படிப் பேசியது அதுவே முதல்முறை. கண்ணம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஆனால் போனைப் பிடுங்கவில்லை.

ஐயாக்கண்ணு குடையை எடுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தார். பஸ் போய்விட்டது. கல் வரைக்கும் நடந்தால் இரண்டு மணி நேரம். தெருவில் நின்ற ஒரே வண்டி சித்தனின் ஜீப். அதை ஓட்டுவது அவன் இரட்டை மகன்களில் ஒருவன். இன்னொருவன் பின்னால் வாழைத்தார் ஏற்றிக்கொண்டிருந்தான். ஐயாக்கண்ணு ஜீப்புக்கு முன்னால் போய் நின்றார். சித்தன் அவரை மேலும் கீழும் பார்த்தான்.

“எங்கீங்க?”

“கல்லுக்கு.”

சித்தன் முன் இருக்கையிலிருந்த மூட்டையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டான். கல் வரைக்கும் இருபத்தைந்து நிமிடம் ஆயிற்று. ஆஸ்பத்திரியில் துடிப்பு எண்பத்தாறுக்கு வந்தது. கட்டில் இன்னொரு விரற்கடை இறங்கியது. மேனகா மெஷினைப் பார்ப்பதை விட்டுவிட்டு, இரண்டு கைகளாலும் இடப்பக்கத்தைப் பிடித்துக்கொண்டாள்.

ஐயாக்கண்ணு கல்லைத் தொட்டு உதடு மட்டும் அசையச் சொன்னார். காதில் வைத்த போனில் பிரபாகர், “ஒண்ணும் ஆகலீங்கப்பா. எழுபத்தொம்பது” என்றான். மறுபடியும் சொன்னார். “எழுபத்தி நாலுங்கப்பா.”

சித்தன் ஜீப்பில் உட்கார்ந்தபடியே சொன்னான்: “ஏனுங்க, இப்படி மொணமொணத்தா மலைக்கு எப்படிக் கேக்கும்? அன்னிக்குக் கூட்டத்துல நொம்பச் சத்தமாத்தான பேசினீங்க?”

அந்த நேரத்துக்குச் சேலத்திலிருந்து ஏறிவந்த பஸ், வழி கிடைக்காமல் எதிரே நின்றது. எல்லாம் தெரிந்த முகங்கள். ஐயாக்கண்ணு குடையைத் தரையில் வைத்தார். குனிந்து இரண்டு கைகளையும் கல்லின் மேல் பதித்தார். அவர் முதுகு வளைந்து அந்த ஊர் பார்த்தது அன்றுதான்.

“நேத்து நான் பொய் சொன்னேன்! எம் மருமக வயித்துல ரெண்டு! எறங்கினது அஞ்சு தலை. அஞ்சும் ஏறணும். சித்தன் ஊட்டுல பொறந்ததும் மனுசப் புள்ளைங்க, எங்க ஊட்டுல பொறக்கறதும் மனுசப் புள்ளைங்க. அந்தப் புள்ளைய விட்டுக் குடு!”

பத்து மணி நான்கு நிமிடத்துக்குக் கட்டில் குழிகளிலிருந்து எகிறி வெளியே வந்தது. பற்றியிருந்த இரண்டு ஆயாக்கள் சுவரில் போய் மோதினார்கள். குறுக்கே கிடந்த பிள்ளை தானாகவே திரும்பித் தலையைக் கீழே கொடுத்தது. மேனகா, “வா கண்ணு, உன்னையுஞ் சொல்லியாச்சு” என்றாள். ஒன்பது நிமிடத்தில் இரண்டாவது பெண், ஒரு கிலோ தொள்ளாயிரம். முதலில் அழவில்லை; டாக்டர் முதுகில் தட்டித் தடவிய பிறகு, கிடைக்காமல் கிடைத்த முறை என்பதால் மூத்ததைவிட நீண்ட நேரம் அழுதது. சுற்றுவதற்குத் துணி கேட்டார் மரியபுஷ்பம். இருந்த ஒன்று மூத்ததின் மேல் இருந்தது. கண்ணம்மாள் தன் சேலையில் பாதியைக் கிழித்துக் கொடுத்தாள். தராசில் மேனகா ஐம்பத்து நான்கு கிலோ.

பதினோராம் நாள் சித்தனின் ஜீப்பில்தான் ஏறி வந்தார்கள். கல்லடியில் காத்திருந்த ஐயாக்கண்ணு ஒவ்வொரு தலையாகத் தொட்டு உரக்கச் சொன்னார். ஐந்தாவது தலையின் மேல் கை கொஞ்சநேரம் இருந்தது. அந்த வருடத் திருவிழாவில் முதல் தேங்காயைச் சித்தனின் மகன்கள் இருவரும் உடைத்தார்கள். ஊர்க்கூட்டத்தில் முதல் சொல் இப்போதும் ஐயாக்கண்ணுவுடையதுதான். அது மாறியதாகச் சொல்கிறவர்கள் கூட்டத்துக்கு வராதவர்கள். ஆஸ்பத்திரியில் அந்த நான்கு குழிகளை இரண்டுமுறை சிமெண்ட் போட்டு அடைத்தார்கள், நிற்கவில்லை. கூட்டுகிறவர்கள் அதைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போகிறார்கள்.

பிள்ளைகளுக்கு நந்தினி, அபிஷா என்று பெயர். தடுப்பூசிக்கும் தீபாவளித் துணிக்கும் இறங்கும்போதெல்லாம் தாத்தா கல்லடியில் நின்று சொன்னார். சென்ற தை மாதம் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைச் சேலத்துக்குக் கூட்டிப்போன அன்று அவர் காய்ச்சலில் கிடந்தார். கல்லைத் தாண்டியதும் பஸ்ஸின் பின்சக்கரங்கள் தாரில் புதைந்து வண்டி நின்றது. டீச்சர் ஆஷ்லின் யாருக்குப் போன் செய்வது என்று யோசிப்பதற்குள் அபிஷா இறங்கிப் போய்க் கல்லைத் தொட்டு, “அக்கா ஒண்ணு, நா ஒண்ணு, ரெண்டு தலை எறங்குது, ரெண்டும் ஏறும்!” என்று கத்தினாள். சக்கரங்கள் மேலே வந்தன. கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ்ஸிலிருந்த மற்றவர்கள் கடலை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்காலம் மேனகா இதைச் சொன்னபோது ஐயாக்கண்ணு போர்வையை விலக்கி எழுந்து நேராக உட்கார்ந்தார்.

“சத்தமாச் சொன்னாளா?”

“நொம்பச் சத்தமாங்க மாமா.”

சரி என்று படுத்துக்கொண்டார். அன்றிலிருந்து அந்த வேலை அபிஷாவுடையது.